இரும்பு நிற்கும், ரப்பர் போகும்: பென்ஸ் டபிள்யூ 124 வைத்திருப்பவர்களுக்கு

டபிள்யூ 124-இன் பானெட் இரண்டு நிலைகளில் நிற்கும். சும்மா தூக்கினால் எல்லாக் கார்களையும் போலச் சாய்வாக நிற்கும். கீலில் உள்ள கொக்கியை விடுவித்து இன்னும் மேலே தள்ளினால் சுவர் மாதிரி நேர்ச் செங்குத்தாக நின்றுவிடும். ஆயில் அளவு பார்க்க இவ்வளவு வசதி தேவையில்லை. இன்ஜினை நேராக மேலே தூக்கி எடுக்கவும், கடைசி சிலிண்டர்மேல் குனிந்து வேலை பார்க்கவும்தான் இது வேண்டும். இந்தக் காரை ஒருநாள் யாரோ பிரிக்கப் போகிறார்கள் என்பதை வரையும்போதே ஒத்துக்கொண்டவர்கள் செய்த வண்டி இது. இதன் கவர்ச்சி எது என்று கேட்டால் கிரில்லையும் நட்சத்திரத்தையும் காட்டுவதற்கு முன் அந்தக் கீலைத்தான் காட்டவேண்டும்.

1984 நவம்பரில் அறிமுகமாகி, 1985 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்து, 1995 வரை செடான் வடிவில் ஓடிய வரிசை. ஸ்டுட்கார்ட் அருகே சிண்டெல்ஃபிங்கன் ஆலைதான் இதன் பிறந்த வீடு. செடான் மட்டுமே 20 லட்சத்துக்கும் மேல் தயாரானது. வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோ. பெட்டி போலத் தெரிந்தாலும் காற்றுத் தடைக் குணகம் 0.30-ஐ ஒட்டி இருந்தது. அந்தக் காலத்துக்கு அது அசாதாரணம். 1993-இல் கிரில் பானெட்டோடு ஒட்டிக்கொண்டது, பெயரிலும் ‘ஈ’ என்ற எழுத்து எண்ணுக்கு முன்னால் வந்தது. 1995-இல் புனேயில் கூட்டத் தொடங்கிய முதல் மெர்சிடீஸ் கார்களும் இவைதான்: ஈ 220 பெட்ரோல், ஈ 250 டீசல். நம் ஊர்ச் சாலைகளில் இன்று கண்ணில் படுபவற்றில் பலவும் இந்தக் கடைசிக்கால வண்டிகள். அந்தக் கடைசிக்காலத்துக்கென்றே சில நோய்கள் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இந்தக் காரின் பிளாக், கிராங்க், டிஃபரன்ஷியல், கதவுக் கீல் எல்லாம் நம் ஆயுளுக்குப் போதும். கிழடாவது ரப்பரும், பிளாஸ்டிக்கும், ஒயர்மேல் உள்ள உறையும். அவை கிலோமீட்டரால் சாவதில்லை, வருஷத்தால் சாகின்றன. அதனால்தான் ‘ஷெட்டிலேயே நின்ற வண்டி, 80,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு’ என்று வரும் காரைவிட, மூன்று லட்சம் ஓடி, புஷ்களும் (மூட்டுகளில் வைக்கும் ரப்பர் உருளைகள்) ஹோஸ்களும் மாற்றிய பில்களோடு வரும் கார் நல்ல கார். மீட்டரைப் பார்த்து விலை பேசுகிறவர்கள் இந்த வரிசையில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். ஓடாமல் நின்ற காரில் முப்பது வருஷ ரப்பர் அப்படியே இருக்கும், அவ்வளவுதான்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது

சேசிஸ் நம்பரில் 124-க்கு அடுத்த மூன்று இலக்கங்கள் மாடலைச் சொல்லும். 023 என்றால் 230 பெட்ரோல், 030 என்றால் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் 300, 022 என்றால் 220, 032 என்றால் 3.2 லிட்டர். டீசலில் 125 பழைய 250, 126 சிலிண்டருக்கு நான்கு வால்வு உள்ள 250, 130 என்றால் 300. பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகளை நம்பவேண்டாம். அவை ஐந்து நிமிஷத்தில் மாறும். போர்ஷே ஆலையில் வைத்துக் கட்டப்பட்ட 500 மாடலின் எண் 036. அந்த எழுத்தைச் சாதாரண வண்டியில் ஒட்டி வைத்திருப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்சி புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, இன்ஜின் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். இன்ஜின் மாற்றிய வண்டிகள் குறைவில்லை.

துருவுக்குக் கதவைத் தட்டிப் பார்ப்பது வீண். கீழே உள்ள நான்கு ஜாக்கி ஓட்டைகளின் பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். 1989-க்குப் பிந்தைய வண்டிகளில் பக்கவாட்டில் அகலமான பிளாஸ்டிக் பலகை வந்தது. அதன் பின்னால் சேறும் ஈரமும் தங்கித் தகரத்தைத் தின்றுகொண்டிருக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடுத்து பேட்டரித் தட்டின் அடிப்பகுதி, முன் மட்கார்டின் உள்விளிம்பு, பின் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், டிக்கி மூடியில் நம்பர் பிளேட் விளக்கின் சுற்றுப்புறம். சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு வடிகால் குழாய்களிலும் தண்ணீர் ஊற்றி, கீழே வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடற்கரை ஊர் வண்டி என்றால் இந்தப் பத்தியை இரண்டு முறை செய்யுங்கள். இன்ஜின் கோளாறுக்கு விலை உண்டு. ஜாக்கி முனை அழுகிப்போன வண்டிக்குச் செலவு எங்கே முடியும் என்று டிங்கர் கடைக்காரரே சொல்லமாட்டார்.

ஒயரிங் அடுத்தது. 1992 முதல் 1995 வரை வந்த பெட்ரோல் வண்டிகளில் இன்ஜின் ஒயரிங்கின் உறை மக்கிப்போகும் வகை. இன்ஜின் சூட்டில் காய்ந்து, முறுக்கு போல நொறுங்கி உதிரும். எம் 104 ஆறு சிலிண்டர், எம் 111 நான்கு சிலிண்டர் இரண்டிலும் இது உண்டு. நம் ஊர் ஈ 220-இல் இருப்பது எம் 111. இன்ஜெக்டர் கனெக்டர் அருகே வெளிக்குழாயை மெதுவாக ஒதுக்கி, உள்ளே உள்ள மெல்லிய ஒயர்களைப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் வளைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். வளைக்கும் இடத்தில்தான் செம்பு ஒன்றோடொன்று தொடும். தொட்டால் ஒயரோடு போகாது, கம்ப்யூட்டரையும் எலக்ட்ரானிக் த்ராட்டிலையும் சேர்த்துக் கொண்டுபோகும். இன்சுலேஷன் டேப் சுற்றுவது வைத்தியம் கிடையாது. ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும், அல்லது நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவர் சூடு தாங்கும் ஒயரில், பழைய கனெக்டர்களை வைத்தே புதிதாகக் கட்டவேண்டும். மாற்றியதாகச் சொன்னால் பில்லைக் கேளுங்கள். புது ஒயரிங்கில் தேதி அச்சிட்ட சீட்டும் இருக்கும். 1992-க்கு முந்தைய ஆறு சிலிண்டர் இன்ஜினான எம் 103-க்கும், ஒயரே அதிகம் இல்லாத பழைய டீசலுக்கும் இந்தத் தலைவலி கிடையாது.

பின்சக்கரத்துக்கு ஐந்து கைகள்

இந்தக் கார் 140 கிலோமீட்டர் வேகத்தில் ஏன் தரையில் ஒட்டிக்கொண்டு போகிறது என்பதற்குப் பதில் பின்பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பின்சக்கரத்தையும் தனித்தனியாக ஐந்து கைகள், அதாவது இரும்பு இணைப்புத் தண்டுகள், பிடித்திருக்கும். 1982-இல் சிறிய 190 மாடலில் முதலில் வந்த ஏற்பாடு இது. டபிள்யூ 124 அதை வாங்கிக்கொண்டது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது எந்தப் பக்கம் எவ்வளவு சாயவேண்டும், வளைவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் எப்படித் திரும்பக் கூடாது என்பதையெல்லாம் அந்த ஐந்து நீளங்களும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஐந்தும் சரியாக இருக்கும்வரை ஓட்டுபவருக்கு எதுவுமே தெரியாது. இரண்டில் புஷ் போய்விட்டால் லாரியைத் தாண்டும்போது வால் ஆடுவது போல இருக்கும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும், அலைன்மென்ட் கடைக்காரர் ‘வண்டி அட்ஜஸ்ட் ஆகமாட்டேங்குது’ என்பார்.

ஒரு கையை மட்டும் மாற்றுவது பொய்ச் சிக்கனம். இரண்டு பக்கத்துக்கும் செட்டாக வாங்கி ஒரே நாளில் மாற்றி, ஒரே ஒரு அலைன்மென்ட்டோடு முடிப்பதுதான் மலிவு. சக்கரத் தாங்கியில் அழுத்திச் சொருகியிருக்கும் கீழ் ஜாயிண்ட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதுக்கை போட்டும் சத்தம் போகாவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அதைக் கழற்ற அதற்கென்றே உள்ள அழுத்தும் கருவி வேண்டும். சுத்தியலால் அடித்தால் தாங்கி கெடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி: புஷ் உள்ள எந்த போல்ட்டையும் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசியாக இறுக்கக் கூடாது. இந்தப் புஷ்களில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், ஒரு வருஷத்தில் கிழியும். அப்புறம் ‘பார்ட்ஸ் டூப்ளிகேட்’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். எல்லா போல்ட்டையும் கையால் மாட்டி, வண்டியை நான்கு சக்கரத்தில் இறக்கி, இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு, பிறகு இறுக்குங்கள். சர்வீஸ் பிட் இருந்தால் இது எளிது. இல்லாவிட்டால் கையின் அடியில் ஜாக்கி கொடுத்து வண்டி நிற்கும் உயரத்துக்குத் தூக்கி இறுக்கலாம்.

முன்பக்கம் ஓர் ஆபத்து இருக்கிறது. பார்க்க மற்ற கார்களின் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்) போலத்தான் இருக்கும். ஆனால் காயில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டைச் சுற்றி இல்லை. தனியாகக் கீழ்க்கையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கை கீழே எகிறிப் போகாமல் பிடித்திருப்பது ஸ்ட்ரட்தான். கையின் அடியில் ஜாக்கி கொடுக்காமல் ஸ்ட்ரட்டின் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் வெடித்து வெளியே வரும். ஸ்பிரிங்கை எடுக்கவேண்டுமானால் உள்ளிருந்து தட்டுகளால் பிடிக்கும் கம்ப்ரஸர்தான் பயன்படுத்த வேண்டும். வெளிப்பக்கம் கொக்கி போடும் சாதாரண வகைக்கு அங்கே இடமும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. ஸ்பிரிங்கின் தலையில் உள்ள ரப்பர் தட்டில் சின்னக் குமிழ்கள் இருக்கும். ஒரு குமிழ் 8 மி.மீ., இரண்டு 13, மூன்று 18, நான்கு 23. காரின் உயரத்தை ஆலையிலேயே இப்படித்தான் சரிசெய்தார்கள். ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும் வண்டிக்கு ஸ்பிரிங் மாற்றுமுன் இந்தக் குமிழ்களை எண்ணிப் பாருங்கள். முன்பு யாரோ தட்டை மாற்றிப் போட்டிருப்பார்கள்.

முன் பால் ஜாயிண்ட் ரப்பர் உறை கிழிந்திருந்தால் ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். வண்டியின் எடை அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. கழன்றால் சக்கரம் மடங்கும். ஆட்டம் பார்க்க ஜாக்கியைக் கீழ்க்கையின் அடியில் கொடுத்து, டயருக்குக் கீழே கம்பியை விட்டு நெம்பவேண்டும். பாடியைத் தூக்கினால் ஸ்பிரிங் விசை ஜாயிண்ட்டை இழுத்துப் பிடித்திருக்கும், ஆட்டம் தெரியாது. சக்கர போல்ட்டுக்கு 110 நியூட்டன் மீட்டர் போதும். பஞ்சர் கடையின் காற்றுத் துப்பாக்கியிடம் விடாதீர்கள். டூல் கிட்டில் ஒரு நீளமான வழிகாட்டி முளை இருக்கும். போல்ட் துளையில் அதை மாட்டி அதன்மேல் சக்கரத்தைத் தொங்கவிட்டால் முதுகு பிழைக்கும். பழைய வண்டிகளில் தொலைந்துபோகும் முதல் சாமான் அதுதான்.

கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ரப்பர் டிஸ்க் ஒன்று. கியர் போடும்போது ‘டொக்’ என்று கேட்டால், போல்ட் ஓட்டைகளுக்கு இடையே விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றும்போது ஷாஃப்ட்டின் இரண்டு பாதிகளையும் பிரிக்குமுன் பெயின்ட்டால் அடையாளம் போடவேண்டும். ஒரு பல் மாறி மாட்டினாலும் 80-க்கு மேல் நடுங்கும். போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள், ரப்பர் முறுக்கிக்கொள்ளாது. நடுவில் உள்ள பெரிய சறுக்கு நட்டை வேலை தொடங்கும்போதே தளர்த்தி, எல்லாம் முடிந்து, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி முன்னும் பின்னும் உருட்டியபின் கடைசியாக இறுக்கவேண்டும்.

காற்றை உறிஞ்சி ஓடும் கார்

மற்ற கார்கள் மோட்டார் வைத்துச் செய்ததை இந்தக் கார் வேக்கத்தால், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடத்தால், செய்தது. சென்ட்ரல் லாக், பெட்ரோல் டேங்க் மூடியின் பூட்டு, ஏசியின் காற்றுக் கதவுகள், ஆட்டோமேட்டிக் கியரின் மென்மை எல்லாமே மெல்லிய குழாய்களும் ரப்பர் முழங்கைகளும். சரியாக இருக்கும்போது சத்தமே இல்லாமல் நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டும். அந்த மெத்தென்ற சத்தத்துக்காகவே இந்தக் காரை வாங்கியவர்கள் உண்டு.

பூட்டியபின் லாக் பம்ப் சில விநாடிகளில் நின்றுவிட வேண்டும். அரை நிமிஷம் வரை உறுமிவிட்டுத் தானாக நின்றால் எங்கோ கசிவு. பம்ப்பை மாற்றாதீர்கள், அது ஓடி ஓடிக் களைத்திருக்கிறது. ஒவ்வொரு கதவுக்கும் போகும் குழாயைக் கழற்றி, கையால் இயக்கும் வேக்கம் பம்ப்பை மாட்டி இழுங்கள். முள் அப்படியே நிற்கவேண்டும். இறங்கினால் அந்தக் கதவுக்குள் உள்ள ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. ஏறக்குறைய எப்போதும் குற்றவாளி அந்தச் சவ்வோ, வெடித்த ரப்பர் முழங்கையோதான்.

டீசல் வண்டியில் வேக்கத்தின் வேலை இன்னும் பெரிது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்பதே வேக்கத்தால்தான்: சாவிப்பூட்டின் பின்னால் உள்ள வால்வு திறந்து, டீசல் பம்ப்பில் உள்ள சவ்வை இழுத்து, எண்ணெயை நிறுத்தும். கசிவு வந்தால் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது பதறாமல் பானெட்டைத் திறந்து, பம்ப் பக்கம் உள்ள ‘ஸ்டாப்’ என்று எழுதிய லீவரை அழுத்துங்கள். அந்தக் குழாயைக் கழற்றும்போது இன்ஜின் ஆயில் வந்தால் பம்ப்பில் உள்ள சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். ஆயில் மெல்ல ஊர்ந்து சாவிப்பூட்டு வரை போய் மற்ற ரப்பரையும் கெடுக்கும். தள்ளிப்போடக் கூடாத வேலை.

இதே டீசல் இன்ஜின்களில் வேக்கம் பம்ப்பையே ஒரு முறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். ஓஎம் 602, 603 வகைகளில் அது இன்ஜினின் முன்புறம், டைமிங் செயின் இருக்கும் அறைக்குள் எட்டிப்பார்த்து நிற்கிறது. அதன் பேரிங் உடைந்தால் குண்டுகள் நேரே செயினுக்குள் விழும். அதற்குப் பிறகு பேச்சில்லை, இன்ஜின் போச்சு. பத்துப் பன்னிரண்டு லட்சம் ஓடும் இன்ஜின் என்று பெயர் வாங்கியவை இப்படி ஒரு சிறு பேரிங்கால் செத்திருக்கின்றன. முன்பக்கம் புதிதாக ‘கடகட’ கேட்டால் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் இடித்து இடித்து மாறினால் உடனே கியர்பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டாம். கியர்பாக்ஸின் பக்கவாட்டில், கியர் மாறும் அழுத்தத்தைச் சரிசெய்யும் மாடுலேட்டருக்கு வேக்கம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் அதன் சவ்வு கிழிந்தால் கியர் ஆயில் குழாய் வழியாக இன்ஜினுக்குள் போய் வெள்ளைப் புகையாக வரும். ஆயில் குறைகிறது, கீழே சொட்டுமில்லை என்றால் இதுதான். மற்றபடி இந்த நான்கு கியர்ப் பெட்டி உழைக்கும் சாமான். மெதுவாகக் கிளம்பினால் இரண்டாவது கியரிலேயே எடுக்கும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். டார்க் கன்வெர்ட்டரிலும் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் பாகம்) ஒரு வடிகால் போல்ட் உண்டு, கிராங்கைத் திருப்பினால் கீழே வந்து நிற்கும். அதைத் திறக்காவிட்டால் பழைய ஆயிலில் பாதி உள்ளேயே இருக்கும். காலையில் ரிவர்ஸ் விழச் சில விநாடி தாமதமானால் உள்ளே ஒரு பிஸ்டன் சீல் கெட்டியாகிவிட்டது. அதுவும் ரப்பர்தான்.

எலக்ட்ரிகலில் இரண்டே சங்கதி

பேட்டரிக்குப் பின்னால், தலையில் கண்ணாடி போன்ற மூடிக்குள் 10 ஆம்பியர் பியூஸ் வைத்த ஒரு ரிலே இருக்கும். மிகை மின்னழுத்தத்திலிருந்து கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றுவது அதன் வேலை. அதற்குள் சால்டர் விரிசல் விட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், ஐடிலிங் ஏறி இறங்கும், காலையில் வண்டி திணறும். மூன்றும் வெவ்வேறு நோய் போலத் தோன்றும். மூன்று மெக்கானிக்குகள் மூன்று சாமானை மாற்றியபின் கடைசியில் இந்த ரிலேயில் வந்து முடிந்த வண்டிகள் எத்தனையோ. மற்றெதைத் தொடுமுன்னும் இதை மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, பியூஸ் பெட்டி. இதில் இருப்பது கூர்முனை வைத்த நீளப் பியூஸ்கள்: வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25 ஆம்பியர். அலுமினியப் பட்டை வைத்தவை ஈரக்காற்றில் வெளுத்து, எரியாமலேயே தொடர்பு விட்டுவிடும். செம்புப் பட்டை வைத்த செட்டை வாங்கி மொத்தமாக மாற்றி, வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் விரலால் அதன் இடத்திலேயே உருட்டிவிடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம், பாதி மின்கோளாறு அதிலேயே போகும்.

இன்ஜின்கள்

எம் 103 நல்ல இன்ஜின். 300-இல் 2,962 சிசி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை ஒரு கொத்து வந்து மறைந்தால் வால்வு சீல் கெட்டியாகிவிட்டது. சிலிண்டருக்குள் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி வால்வைப் பிடித்துக்கொண்டால் ஹெட்டைக் கழற்றாமலே சீல்களை மாற்றலாம். வால்வைத் தாங்கும் குழாயே தேய்ந்திருந்தால் ஹெட் இறங்கித்தான் ஆகவேண்டும். ஆயில் சுமார் 6 லிட்டர். பிளக் ரெஸிஸ்டர் இல்லாத சாதாரணச் செம்பு வகை. ரெஸிஸ்டன்ஸ் ஒயரின் மூடியிலேயே இருக்கிறது. விலை உயர்ந்த பிளக் போட்டால் ஓட்டம் மோசமாகும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெட்ரோல்-காற்றுக் கலவை சரிசெய்யும் 3 மி.மீ. ஆலன் திருகை மீட்டர் இல்லாமல் தொடவேண்டாம். ஐடிலிங் கெட்டால் பெரும்பாலும் இன்டேக் ரப்பரில் காற்றுக் கசிவு. அதை விட்டுவிட்டுக் கலவையைத் திருகினால் பிறகு எது நோய், எது வைத்தியம் என்றே தெரியாமல் போகும்.

எம் 104-இல் ஹெட் கேஸ்கெட் பின்பக்க வலது மூலையில் ஆயில் கசியவிடும். வெளியே வழிவதோடு நின்றால் கண்காணித்துக்கொண்டு ஓட்டலாம். கூலன்ட்டில் ஆயில் தெரிந்தால் தள்ளக் கூடாது.

டீசலில் பழைய 250-இன் ஓஎம் 602 ஐந்து சிலிண்டர், 2,497 சிசி, 90 குதிரைத்திறன். ஓவர்டேக் செய்யப் பொறுமை வேண்டும். ஹைட்ராலிக் டேப்பெட் என்பதால் வால்வு இடைவெளி சரிசெய்யும் வேலையே இல்லை, சுமார் 7 லிட்டர் ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். ஜெர்மனியில் டாக்ஸியாக ஓடி, பிறகு மொராக்கோவிலும் டாக்ஸியாக ஓடியவை இந்த இனம். 1993-க்குப் பின் வந்த நான்கு வால்வு இன்ஜினில் டீசல் போகும் குழாய்கள் ஒளிபுகும் பிளாஸ்டிக். முனைகளில் ஓ ரிங் எனும் ரப்பர் வளையம். அவை காய்ந்தால் இரவில் காற்று புகுந்து, காலையில் நெடுநேரம் கிராங்க் செய்தால்தான் பிடிக்கும். ஓடும்போது குழாயில் குமிழி தெரிகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். குழாயும் ஓ ரிங்கும் மாற்றினால் தீர்ந்தது. இதற்காகப் பம்ப்பைச் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள்தான் அதிகம். ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கை மட்டும் இந்த இன்ஜினில் அவசரத்தில் கழற்றாதீர்கள். கரி பிடித்து உள்ளேயே முறியும். இன்ஜின் சூடாக இருக்கும்போது, துரு நீக்கும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகவேண்டும். முறிந்தால் ஹெட்டே இறங்கும்.

டீசலின் அடியில் ஒரு பெரிய தட்டு இருக்கும். ஆயில் மாற்ற இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். சத்தத்தை அடக்கவும் காற்றை ஒழுங்காகச் செலுத்தவும் வைத்த தட்டு அது. கிடைத்தால் திரும்ப மாட்டுங்கள். நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் இன்ஜினைக் குறைசொல்லுமுன் இரண்டு இன்ஜின் மவுண்ட்டையும் கியர்பாக்ஸ் மவுண்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள். இன்ஜின் மவுண்ட்டுகள் திரவம் அடைத்தவை. வடிந்துவிட்டால் இரும்பு இரும்போடு பேசும்.

சூடும் ஏசியும்

தெர்மோஸ்டாட் 85 டிகிரியை ஒட்டித் திறக்கும். சென்னை வெயிலில் முள் 100 தொட்டு இறங்குவது இயல்பு. மின்விசிறி உயர்வேகத்தில் ஓடத் தொடங்குவதே 105-க்கு மேல்தான். அதைத் தாண்டி நின்றால் ஃபேன் கிளட்ச் போயிருக்கும். ரேடியேட்டரில் கவனிக்க வேண்டியது மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்து. நிறம் வெளுத்து மயிரிழை விரிசல் தெரிந்தால் நெடும்பயணத்துக்கு முன் ரேடியேட்டரையே மாற்றிவிடுங்கள். முறியும்போது சொல்லிவிட்டு முறியாது. கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்ததுதான். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் அலுமினிய ஹெட்டை உள்ளே அரித்திருக்கும்.

கூலிங் காயில் ஓட்டையானால் டேஷ்போர்டு முழுவதும் கழன்று வரவேண்டும். கூலியில் பெரிய வேலை அதுவே. எனவே அதைத் திறக்கும்போது ஹீட்டர் காயில், காற்றுக் கதவுகளின் சவ்வுகள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இதேபோல, காற்றூதும் மோட்டாரை எடுக்க வைப்பர் அசெம்பிளி கழன்று வரும். ஒற்றைக் கையாக நீண்டு சுருங்கி, கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைக்கும் அந்த வைப்பரின் பல்சக்கரத்தில் காய்ந்துபோன கிரீஸைத் துடைத்துப் புதிது வைக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

சாமான் வாங்குவது

பார்ட் நம்பரின் முதல் மூன்று இலக்கங்கள் அது எந்த மாடலுக்கு, எந்த இன்ஜினுக்கு முதலில் வரையப்பட்டது என்பதைச் சொல்லும். 124-க்கு வாங்கிய கையில் 201 என்று இருந்தால் பயப்படவேண்டாம். அது 190-இன் எண், இரண்டு வண்டிக்கும் ஒரே சாமான். 102, 103, 111, 602 என்று தொடங்கினால் இன்ஜின் சாமான்.

நட்சத்திரப் பெட்டியில்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. பால் ஜாயிண்ட்டும் கைகளும் லெம்ஃபோர்டர், ரேடியேட்டர் பெஹ்ர், ரப்பர் டிஸ்க் எஸ்ஜிஎஃப், ஹீட்டர் பிளக் பெரு, கேஸ்கெட் எல்ரிங் அல்லது விக்டர் ரைன்ஸ், ஷாக் அப்சார்பர் சாக்ஸ் அல்லது பில்ஸ்டைன். பெயர் தெரியாத மலிவு ரப்பரை மட்டும் தொடாதீர்கள்: வேலைக் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், ஒன்றரை வருஷத்தில் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். எங்கும் கிடைக்காத உள்அலங்காரச் சாமான்களுக்கு ஸ்டுட்கார்ட் பக்கத்து ஃபெல்பாக்கில் உள்ள நிறுவனத்தின் கிளாசிக் மையம் இருக்கிறது. அதற்கு முன் உடைத்துப் பிரித்து விற்கும் இடங்களில் தேடுங்கள். கதவு பிளாஸ்டிக், ஸ்விட்ச், சீட்டுக்குள் உள்ள ஸ்பிரிங்கும் நார்த் திண்டும் அங்கேயே நல்ல நிலையில் கிடைக்கும். ரப்பரை மட்டும் அங்கே வாங்கக் கூடாது.